கொள்ளி வைத்தவர், உருமா கட்டியவர், பத்திரத்தில் பெயர் உள்ளவர்

தம்பி கேட்டிருப்பது இது. குலதெய்வக் கோயில் கொடைவிழாவுக்காகக் குடும்பத்தின் தலைமுறைப் பட்டியல் ஒன்று தயாரிக்கிறார். மேலே 'வாரிசுகள்' என்று தலைப்புப் போட்டதும், வீட்டிலிருந்த பெரியவர் ஒருவர் "அது தாலுகா ஆபீஸ் சொல்லுலா, சாமி காரியத்துக்கு எதுக்கு?" என்று முகம் சுளித்திருக்கிறார். வாரிசு தமிழ்ச்சொல்தானா, அதற்கு முன்னால் நம்மூரில் என்ன சொன்னார்கள், சொத்துக்கு வருகிறவரையும் பதவிக்கு வருகிறவரையும் ஒரே சொல்லால்தான் சொல்ல வேண்டுமா என்று கேட்கிறார். கூடவே ஒரு துணைக்கேள்வி. 1930-களில் எழுதிய கிரயப் பத்திரத்தில் 'சர்வ சுதந்திர பாத்தியமாய்' என்று வருகிறதே, அதற்கும் சுதந்திரப் போராட்டத்துக்கும் சம்பந்தம் உண்டா?

நான் அம்பாசமுத்திரம் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். இந்தச் சொற்கள்தான் எனக்குச் சோறு போட்டன. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

பெரியவர் சொன்னது சரி. வாரிசு அரபுச் சொல். அங்கே 'வாரிஸ்' என்றால் இறந்தவரின் சொத்தைப் பெறுகிறவர். பாரசீகம், இந்துஸ்தானி வழியாக, வரிவசூல் கணக்கோடு நம் பக்கம் வந்து சேர்ந்தது. தாசில்தார், ஜமாபந்தி, பசலி, ஜப்தி எல்லாம் இதே கூட்டம். பெரியவர் கவனித்திருக்க மாட்டார், 'மிராசு' என்பதும் அதே வேர்தான். அரபியில் 'மீராஸ்' என்றால் வழிவழியாக வந்த சொத்து. ஆகவே தாமிரபரணிக் கரையில் நஞ்சை வைத்துக்கொண்டு மீசையை முறுக்கின மிராசுதாரும், இன்றைக்கு இ-சேவை மையத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டு நிற்கிற வாரிசுதாரரும் சொல்வழியில் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள். மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் உள்ள முஸ்லிம் குடும்பங்களுக்கு இது வேற்றுச்சொல்லே இல்லை. மார்க்கச் சட்டத்தில் பங்கு பிரிப்பதற்கே அதுதான் பெயர்.

மிராசுக்கு முன்னால் நமக்கு இருந்த சொல் காணி. நிலத்தின் மேல் பரம்பரையாக வரும் உரிமை காணியாட்சி. அதை உடையவர் காணியாளர். கல்வெட்டுகளில் கொட்டிக்கிடக்கும் சொல். நவாபு காலத்துக் கணக்கர்கள் அதைத்தான் மிராசு என்று பெயர் மாற்றி எழுதினார்கள்.

அதைவிடப் பழையது தாயம். பகடை உருட்டுகிற தாயம் என்றுதான் இன்றைக்குப் பிள்ளைகளுக்குத் தெரியும். பட்டினப்பாலையில் கரிகாலன் ஆட்சிக்கு வந்ததை 'உருகெழு தாயம் ஊழின் எய்தி' என்று சொல்கிறது. இங்கே தாயம் என்றால் அரசுரிமை. இதைத் தாயோடு சேர்த்துப் பொருள் சொல்கிறவர்கள் உண்டு. பங்கு என்று பொருள்படும் வடசொல் 'தாய'வோடு சேர்த்துப் பார்ப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. தாயத்தில் பங்கு உள்ளவன் தாயாதி. நம்மூரில் பங்காளி என்றும் சொல்வோம், கரிசல் பக்கம் போனால் சொக்காரன் என்பார்கள். மூன்று சொல்லுக்கும் ஆள் ஒருவன்தான். உங்கள் சொத்தில் பங்கு கேட்கக்கூடியவன், உங்கள் வீட்டுச் சாவுக்குத் தீட்டுக் காக்கிறவன், பெரும்பாலும் உங்களோடு பேச்சுவார்த்தை இல்லாதவன்.

தாயம் என்ற சொல் நாம் நினைக்காத இடத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. மருமக்கத்தாயம் என்பதில் வருவது அதுதான். மருமக்களுக்குப் போகும் தாயம், அதாவது அக்காள் தங்கை பிள்ளைகளுக்குப் போகும் சொத்து. ஆரல்வாய்மொழி தாண்டினால் நாஞ்சில் நாடு. அங்கே வெள்ளாளர் குடும்பங்களில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை இதுதான் முறை. ஒருவர் பாடுபட்டுச் சேர்த்தது அவர் பெற்ற பிள்ளைக்கு வராது, சகோதரி மகனுக்குப் போகும். பெற்ற பிள்ளைகளுக்கென்று ஒதுக்குகிற பங்குக்கு 'உகந்துடைமை' என்று ஒரு பெயர் வைத்திருந்தார்கள். என்ன அழகான சொல், என்ன துக்கமான ஏற்பாடு! திருவிதாங்கூர் அரச குடும்பத்திலும் இதே வழிதான். ராஜாவுக்குப்பின் பட்டத்துக்கு வந்தவர் மருமகன். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில்தான் இருந்தது. அதனால் இது நமக்கு வெகுதூரத்துச் சங்கதி இல்லை. எங்கள் பக்கத்தில் 'மருமகன்' என்றால் மகளைக் கட்டினவன். அந்தப் பக்கத்துப் பழைய ஆவணத்தில் 'மருமகன்' என்றால் சொத்துக்கு உரியவன். இதை மனதில் வைக்காமல் படித்தால் ஆவணமே தலைகீழாகப் புரியும். நானே ஆரம்பத்தில் ஒருமுறை அப்படிப் படித்துவிட்டு, கட்சிக்காரர் முன்னால் அசடு வழிந்திருக்கிறேன்.

இதெல்லாம் ஏட்டில் உள்ள சொற்கள். ஊர்வாயில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் ஒரு சாவு வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே 'வாரிசு' என்ற சொல் காதில் விழாது, ஆனால் வாரிசுகள் அத்தனை பேரையும் வரிசையாகப் பார்த்துவிடலாம். நீர்மாலைக்கு, அதாவது இறந்தவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவர, போகிறவர்கள் மகன்மாரும் பங்காளிகளும். நெய்ப்பந்தம் பிடிக்கிறவர்கள் பேரப்பிள்ளைகள். கொள்ளி வைக்கிறவர், தகப்பனுக்கு மூத்தவர், தாய்க்கு இளையவர். பதினாறாம் நாள் விசேஷத்தில் உருமா கட்டு. தாய்மாமனோ சம்பந்தி வீட்டாரோ மூத்த மகன் தலையில் துணி கட்டி, 'இனி இந்த வீட்டுக்கு நீதான்' என்று ஊர் முன்னால் சொல்லாமல் சொல்வது. சாதிக்குச் சாதி, ஊருக்கு ஊர் முறை கொஞ்சம் மாறும், ஆனால் பொருள் அதுதான். பட்டாபிஷேகத்தின் ஏழை வீட்டு வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். (உருமா என்பது உருமால், பாரசீகத்தில் முகம் துடைக்கிற துணி. முகம் துடைக்கிற துணி எப்படிக் கிரீடமானது பாருங்கள்.)

எங்கள் ஆச்சி, பிள்ளை இல்லாதவர்களைப் பற்றிப் பேசும்போது "சொத்து கெடக்கட்டும், கொள்ளி வைக்கதுக்கு ஆள் வேணும்லா" என்பாள். அவள் கணக்கில் சொத்துக்கு வருகிறவன் யார் என்பது இரண்டாவது கேள்வி. தீக்கு வருகிறவன் யார் என்பதுதான் முதல் கேள்வி. தத்து எடுப்பதற்கும் அந்தக் காலத்தில் பாதிக் காரணம் அதுதான். பத்திரத்தில் சுவீகார புத்திரன் என்று எழுதுவோம், வாயில் தத்துப்பிள்ளை. பெண்பிள்ளை மட்டும் உள்ள வீட்டில் வீட்டோடு மாப்பிள்ளை வருவார். வேலையெல்லாம் மகன் வேலை, மரியாதை மட்டும் முக்கால்வாசிதான். அவருக்கென்று மதிப்பான ஒரு சொல்லைத் தமிழ் உண்டாக்கவில்லை என்பதே ஒரு சேதி. காயல்பட்டினத்தில் இந்தக் கூச்சம் கிடையாது. வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதே அங்கே முறை.

பேரன் என்ற சொல்லை நாம் உறவுப்பெயராக மட்டும் நினைக்கிறோம். அது பெயரன். தாத்தாவின் பெயரைத் தாங்கி வருகிறவன். இன்றைக்கும் எங்கள் தெருவில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரைத்தான் விடுவார்கள். மாமனார் பெயரை மருமகள் சொல்லக்கூடாது என்பதால், பெற்ற பிள்ளையையே 'பெரியவனே' என்றோ 'ராசா' என்றோ கூப்பிட்டுக் காலத்தை ஓட்டின தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். நிலம், வீடு, நகை எதுவுமே இல்லாத வீட்டிலும் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க ஒரு பெயர் இருந்தது.

பெயரே பட்டமாகி இறங்குவதும் உண்டு. பாண்டியர்கள் மாறவர்மன், சடையவர்மன் என்று மாற்றி மாற்றிச் சூடிக்கொண்டார்கள். பாளையக்காரர்களிடம் இது இன்னும் வெளிப்படை. எட்டப்பன் என்பது ஒரு தனி மனிதரின் பெயர் இல்லை, எட்டயபுரத்துப் பட்டத்துக்கு வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தாங்கின பெயர். கட்டபொம்மனும் அப்படித்தான். 1799 அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டவருடைய தகப்பனாரும் கட்டபொம்மன்தான். ஒரு பெயர் திட்டுச்சொல் ஆனது, இன்னொன்று சிலையாக நிற்கிறது. திட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு அது வம்சப் பெயர் என்றே தெரியாது.

இவர்களுக்கெல்லாம் வாரிசு என்று ஊர் சொல்லவில்லை. 'பட்டத்துக்கு வந்தவர்', 'பட்டம் கட்டினவர்', காத்திருக்கிறவரானால் 'இளவரசு'. மடங்களிலும் பட்டம்தான். ஆதீனத்தில் அடுத்து வரப்போகிறவரைச் சின்னப்பட்டம் என்பார்கள், இப்போது இளைய சந்நிதானம் என்ற வழக்கும் இருக்கிறது. நாங்குநேரி வானமாமலை மடத்தில் ஜீயர் பட்டம் ஏறுகிறார். துறவிக்கு மகன் கிடையாது, ஆனாலும் பரம்பரை உண்டு. குரு பரம்பரை என்ற சொல் அந்தச் சிக்கலை அழகாகத் தீர்த்துவிட்டது.

நான் கண்ணால் பார்த்த கடைசிப் பட்டம் சிங்கம்பட்டி ஜமீன். சிறு பிள்ளையாக இருக்கும்போதே முடிசூட்டப்பட்டு, 2020 மே மாதம் காலமான டி.என்.எஸ். முருகதாஸ் தீர்த்தபதி அவர்கள், ஆடி அமாவாசைக்குக் காரையார் சொரிமுத்தையனார் கோயிலில் ராஜ உடையில் உட்கார்ந்திருப்பார். ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-லேயே வந்துவிட்டது, நிலம் போய்விட்டது, பட்டம் மட்டும் அந்த ஒருநாள் தர்பாரில் மிச்சம் இருந்தது. அந்த ஜமீனின் காட்டை 1929-ல் பம்பாய் பர்மா கம்பெனி 99 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. அதுதான் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம். ஜமீன் ஒழிந்ததும் காடு அரசாங்கத்துக்கு வந்தது, குத்தகையோ தொடர்ந்தது. கொள்ளியும் வைக்காமல் உருமாவும் கட்டாமல் ஜமீன்தார் இடத்தில் அரசாங்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. இப்படிப்பட்டவரைப் பத்திரத்தில் 'ஸ்தானத்தில் வந்தவர்' என்று எழுதுவோம். ரத்த சம்பந்தம் வேண்டாம், இடம் மாறினால் போதும்.

இதோடு தம்பியின் பதவிக் கேள்வியும் வந்துவிடுகிறது. உத்தியோகத்தில் அடுத்து வருகிறவரை வாரிசு என்று சொல்வது எனக்கு உறுத்தும். போன தாசில்தாருக்கு இப்போதைய தாசில்தார் வாரிசு இல்லை, அவருக்கு அடுத்து வந்தவர். எழுத்தில் பின்னவர் என்று எழுதலாம். பேச்சில் 'சார்ஜ் எடுத்தவர்'. கடை என்றால் 'இப்ப மவன் பாக்கான்' அல்லது 'மவன் கல்லாவுல உக்காந்துட்டான்'. பேச்சுத் தமிழ் இதற்குப் பெயர்ச்சொல்லையே தேடுவதில்லை, செய்கிற வேலையைச் சொல்லிவிட்டுப் போய்விடும். குழப்பம் வந்தது, ஒருகாலத்தில் பதவியும் சொத்துமாதிரி இறங்கினதால்தான். கிராமக் கணக்கு எழுதுகிற கர்ணம், வரி வசூலிக்கிற மணியம் வேலைகள் குடும்ப வேலையாகவே வெகுகாலம் ஓடின. 1980 நவம்பரில் அந்தப் பதவிகளை எடுத்துவிட்டு, பிறகு கிராம நிர்வாக அலுவலரைக் கொண்டுவந்தார்கள். பெயர் மட்டும் போகவில்லை. 'கணக்கப்பிள்ளை வீடு' என்றுதான் இன்னும் வழி கேட்கிறார்கள். கோயிலில் பரம்பரை அறங்காவலர் என்பது 1959-ஆம் வருஷத்து அறநிலையச் சட்டத்திலேயே இருக்கிறது. அப்புறம் அரசு ஊழியர் பணியில் இருக்கும்போதே இறந்துபோனால் குடும்பத்தில் ஒருவருக்குத் தருகிற வேலை. சட்டப்படி அது கருணை அடிப்படை நியமனம், மூன்று வருஷத்துக்குள் மனுப்போட வேண்டும். ஊர் அதை 'வாரிசு வேலை' என்றே சொல்கிறது. அது உரிமை இல்லை, கருணைதான் என்று சட்டம் சொன்னாலும் ஊர் கேட்காது.

பதவிகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது கோமரத்தாடி. சுடலைமாடனுக்கோ இசக்கிக்கோ சாமியாடுகிறவர். இதுவும் குடும்ப வழிதான், ஆனால் யார் என்பதைத் தாசில்தாரும் சொல்ல முடியாது, தகப்பனும் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்து ஊர்க் கொடை ஒன்றில், பழைய கோமரத்தாடி இறந்த மறுவருஷம் மூத்த மகன் குளித்து, கச்சை கட்டித் தயாராக நின்றார். மேளம் ஏறி வந்தபோது சாமி இறங்கியது, பந்தல் ஓரமாகத் தண்ணீர்க்குடம் சுமந்துகொண்டிருந்த இளையவர் மேல். "சாமி அவனைப் பிடிச்சுகிட்டு" என்றார்கள், அவ்வளவுதான். கோர்ட் இல்லை, பங்கு இல்லை, மேல்முறையீடு இல்லை. மூத்தவர் தம்பி நெற்றியில் திருநீறு பூசிவிட்டு மேளக்காரர் பக்கம் போய் நின்றுகொண்டார்.

சரி, பத்திரத்துக்கு வருகிறேன். தம்பி பார்த்த வாசகம் முழுதாக இப்படி இருந்திருக்கும்: 'புத்திர பௌத்திர பாரம்பரையாய், தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்வீர்களாக.' மகன், பேரன் என்று வழிவழியாக. தானம், மாற்று, விற்பனை எதற்கும் உரிமையோடு. முழுச் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள் என்பது பொருள். இதில் சுதந்திரம் என்றால் விடுதலை இல்லை. தன் கையில் இருப்பது, தனக்கே உரியது என்ற பொருளில் தொடங்கி, பரம்பரை உரிமை என்று ஆன சொல். அறுவடைக் களத்தில் தச்சருக்கும் கொல்லருக்கும் வண்ணாருக்கும் அளந்துகொடுக்கிற நெல்லுக்கும் சுதந்திரம் என்றே பெயர். அவர்கள் குடும்பத்துக்கு வழிவழியாகச் சேர வேண்டிய பங்கு அது.

இந்தப் பழைய பொருளை இன்றைக்கும் வாரம் தவறாமல் கேட்கலாம், பாளையங்கோட்டையிலோ நாசரேத்திலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனால். தமிழ் வேதாகமத்தில் வாரிசு என்பதற்குச் 'சுதந்தரவாளி' என்றுதான் இருக்கிறது. 'சாந்தகுணமுள்ளவர்கள் பாக்கியவான்கள், அவர்கள் பூமியைச் சுதந்தரித்துக்கொள்ளுவார்கள்' என்பதில் யாரும் கொடி பிடித்துப் போராடவில்லை, சொத்தாகப் பெறுகிறார்கள். ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி.யும் எட்டயபுரத்தில் பிறந்த பாரதியும் அதே சொல்லை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்ட பிறகு, பத்திரத்தில் உள்ளது நமக்குப் புதிராகத் தெரிகிறது. சொத்துரிமையைச் சொன்ன சொல்லாலேயே நாட்டுரிமையையும் கேட்டார்கள் என்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

அந்த வாசகத்தில் இன்னொன்றைத் தம்பி கவனிக்க வேண்டும். புத்திரன் இருக்கிறான், பௌத்திரன் இருக்கிறான், மகள் எங்கே? 'ஆசைக்கு ஒரு பெண், ஆஸ்திக்கு ஒரு ஆண்' என்ற பழமொழியின் சட்ட வடிவம் அது. 1956-ல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் தனிச்சொத்தில் மகன், மகள், மனைவி, தாய் நால்வரையும் முதல் வரிசையில் வைத்தது. (தாய் உண்டு, தகப்பன் அந்த வரிசையில் இல்லை. மகனைப் பறிகொடுத்த தகப்பன்மாரிடம் இதைச் சொல்லும்போது நம்பவே மாட்டார்கள்.) பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது, ஆனால் அந்த மார்ச் 25-க்கு முன் கல்யாணமானவர்களுக்குக் கிடையாது. 2005 செப்டம்பர் 9-ல் மத்திய சட்டம் அந்த வேற்றுமையை எடுத்தது. அன்றைக்குத் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இதற்கெல்லாம் பிறகும் எங்களில் பலர் பழைய பத்திரத்தைப் பார்த்துப் 'புத்திர பௌத்திர' என்றே எழுதிக்கொண்டிருந்தோம். நானும்தான். ஒருநாள் கிரயம் வாங்கின ஒரு டீச்சரம்மா, "எனக்கு ரெண்டும் பொண்ணு, இது யாருக்குன்னு எழுதிருக்கீய?" என்று கேட்ட பிறகுதான் மாற்றினேன்.

இரண்டு குழப்பங்களை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சொல் தெரியாததால் பணம் போனவர்கள் இருக்கிறார்கள். நாமினி வேறு, வாரிசு வேறு. வங்கிக் கணக்கில் நாமினியாகப் பெயர் உள்ளவர் பணத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் கை மட்டும்தான், பங்கு வாரிசுகளுக்கு. ஆயுள் காப்பீட்டுக்கும் இதுவேதான் என்று 1983-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2015-ல் காப்பீட்டுச் சட்டத்தைத் திருத்தியபின், தாய், தகப்பன், கணவன், மனைவி, பிள்ளைகளை நியமித்திருந்தால் அவர்கள் பணத்துக்கே உரியவர்கள் என்று சட்டத்தில் எழுதிவிட்டார்கள். அடுத்தது, தாசில்தார் தருகிற வாரிசுச் சான்றிதழ். அது இன்னார் இன்னார் உறவு என்று சொல்லும் காகிதம். அதை வைத்துக்கொண்டு வீடு எனக்குத்தான் என்று சொல்ல முடியாது. எழுதாத உயிலுக்கு அது ஈடும் இல்லை.

பட்டியலுக்கு வருவோம். 'வாரிசுகள்' வேண்டாம், அந்தப் பெரியவர் காது சரியான காது. 'வழித்தோன்றல்கள்' என்று போடலாம், கொஞ்சம் மேடைப்பேச்சு மாதிரி இருக்கும். 'சந்ததி' என்றால் எல்லாருக்கும் புரியும். 'எச்சம்' பழைய நல்ல சொல், குறளில் 'தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப் படும்' என்று வருகிறது. ஆனால் கோயில் சுவரில் எழுதினால் காக்கையைப் பற்றியது என்று நினைத்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் 'கொடிவழி' என்று எழுதுங்கள். கொடி எந்தப் பக்கமும் படரும். மகன் பக்கம் மட்டும் ஓட வேண்டும் என்று அதற்குக் கட்டாயம் இல்லை. கட்டிக்கொடுத்த பெண்களின் பெயரையும், அவர்கள் பிள்ளைகளையும், வீட்டோடு வந்த மாப்பிள்ளை யாராவது இருந்தால் அவரையும் சேர்த்துவிடுங்கள். இடம் பற்றாது என்பார்கள். கொடைக்கு வரி கட்டினவர் பெயரைப் போடுகிற கல்வெட்டுக்கு இடம் இருக்கும்போது இதற்கும் இருக்கும். அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் அந்தப் பெரியவரிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள், விட்டுப்போன பெயர் இரண்டாவது அவர் சொல்வார்.